வீசமும் அட்சரமும்: ஒரு கணிதச் சொல்லின் எழுத்தும் பொருளும்

இலங்கையிலே தமிழ்மொழி மூலம் கணிதம் பயிலும் மாணவன், எண்கணிதத்தைக் கடந்து அடுத்த படியில் ஏறும்போது எதிர்கொள்ளும் துறைப்பெயர் அட்சரகணிதம் என்பதாகும். பாக்குநீரிணையின் அக்கரையில் அதே பாடம் இயற்கணிதம் எனப்படுகின்றது. இவ்விரண்டும் பாடநூல்களில் நிலைபெறுவதற்கு நெடுநாள் முன்னர், 1855ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்துக் கறோல் விசுவநாதபிள்ளை இத்துறை பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதி அதற்கு வீசகணிதம் எனப் பெயரிட்டார். ஒரே மொழியில் ஒரே துறைக்கு மூன்று பெயர்கள். இவற்றுள் எது தூயது, எது பழையது என்னும் வினாக்களே பெரும்பாலும் எழுப்பப்படுகின்றன. எது துறையின் இயல்பைச் சொல்கின்றது என்னும் வினா அருகியே எழுகின்றது. கலைச்சொல்லைக் கற்பவன் முதலிற் சந்திப்பது அச்சொல்லைத்தான். பொருள் பின்னரே வருகின்றது. ஆதலின் பிந்திய வினாவே முந்தியதாதல் வேண்டும்.

விசுவநாதபிள்ளையின் நூல் தோன்றிய சூழலைச் சிறிது நோக்குதல் தகும். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, மேனாட்டுக் கணிதத்தையும் வானியலையும் தருக்கத்தையும் யாழ்ப்பாண இளைஞர்க்கு ஆங்கிலத்திற் கற்பித்தது. அங்கு பயின்ற மாணவர் பலருக்கு அமெரிக்காவிலிருந்து பொருளுதவி செய்தோரின் பெயர்கள் சூட்டப்பட்டன. கறோல் என்னும் பெயர் விசுவநாதபிள்ளைக்கு முன்னொட்டாக வந்தமையும் இவ்வழியே. அவர் அங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். பின்னர் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகச் சி. வை. தாமோதரம்பிள்ளையுடன் சேர்த்து எண்ணப்படுபவரும் அவரே. அக்காலப் பகுதியில் யாழ்ப்பாணத்திலே புத்தறிவைத் தமிழிலே தரும் முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. செமினரியின் அதிபர் ஹொய்சிங்ரன் 1848இல் சோதிசாத்திரம் பற்றி எழுதினார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் நியாய இலக்கணம் 1850இல் வெளிவந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பெரும்பணியைப் பல ஆண்டுகள் நடத்தினார். வீசகணிதம் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

ஆயின் கிறீனுக்கு இருந்த இடர் விசுவநாதபிள்ளைக்கு இருக்கவில்லை. கிறீனும் அவர் மாணாக்கரும் இரசாயனத்துக்கு வேறு வழியின்றிக் கெமிஸ்தம் என ஒரு சொல்லை ஆக்கவேண்டியிருந்தது. கணிதத்தின் இப்பிரிவுக்கோ வடமொழியில் ஏலவே ஒரு பெயர் இருந்தது. இரண்டாம் பாஸ்கரர் 1150இல் முடித்த சித்தாந்த சிரோமணியின் ஒரு பகுதி பீஜகணிதம் என்னும் பெயருடையது. அதனைக் கோல்புறூக் 1817இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். எனவே யாழ்ப்பாணத்து ஆசிரியர் பெயரைப் புதிதாக ஆக்கினாரல்லர். இருந்த பெயரைத் தமிழ் எழுத்துக்கு இசைவித்தார். இசைவித்த முறையிலேதான் எழுத்துச் சிக்கல் எழுகின்றது.

வடமொழியிலே பீஜம் என வழங்கும் சொல் தமிழில் ஏன் வீசம் ஆயிற்று? ஜகரம் சகரமானதில் ஐயமில்லை. வடசொற்கள் தமிழில் திரியும் முறையைக் கூறும் நன்னூல், ஜகரம் சகரமாகவும் யகரமாகவும் திரியும் என விதிக்கின்றது. முதலெழுத்துத்தான் இடர் தருவது. அதே நன்னூல், ஐந்து வருக்கங்களிலும் இடைநின்ற மூன்று எழுத்துக்களும் அவ்வவ் வருக்கத்து முதலெழுத்தாகும் என்கின்றது. இதன்படி பகர வருக்கத்து மூன்றாம் எழுத்து, தமிழிற் பகரமாதல் வேண்டும். விதியைக் கண்மூடிப் பின்பற்றினாற் பீசகணிதம் என்றே எழுதவேண்டும். வீசகணிதம் பிழை என்று கூறுவோர் இவ்விதியைத்தான் தம் பக்கத்திற் கொள்ளக்கூடும்.

எனினும் அது பிழையன்று. வடமொழியிலேயே இச்சொல்லுக்குப் பீஜ, வீஜ என இரு வடிவங்கள் உண்டு. வடமொழி அகராதிகள் இரண்டனையும் காட்டுகின்றன. இவ்விரட்டை வடிவம் ஒரு சொல்லுக்கு மாத்திரம் உரியதுமன்று. பிம்பம், பிந்து, பில்வம் என்பனவும் வகரத்தாலும் எழுதப்படுவன. இவை தமிழுக்கு வந்தபோது விம்பம், விந்து, வில்வம் என்றே பெரிதும் வந்தன. வில்வத்தைப் பில்வம் என்று எழுதுமாறு எந்தச் சிவன்கோயிலிலும் எவரும் கேட்டதில்லை. இலங்கைப் பௌதிகவியற் பாடநூல்கள் ஆடியில் தோன்றுவதை இன்றும் விம்பம் என்றே எழுதுகின்றன, தமிழகத்து நூல்கள் பிம்பம் என எழுதியபோதிலும். ஆகவே வீசம் என்பதில் உள்ள வகரம் தமிழர் செய்த திரிபு அன்று. வீஜம் என்னும் வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஜகரத்தை மாத்திரம் நன்னூல் வழியிற் சகரமாக்கியதன் விளைவு. நன்னூல் விதியும் மீறப்படவில்லை, வழக்கும் மீறப்படவில்லை. சிங்களத்தில் இத்துறைக்கு இன்றுவரை வழங்கும் பெயர் வீஜ கணிதய என்பதாகும். அங்கும் வகரமே முதலெழுத்து. யாழ்ப்பாணத்து 1855ஆம் ஆண்டு நூலின் பெயரும் தென்னிலங்கைப் பாடசாலைப் பாடநூலின் பெயரும் ஒரே வடிவத்திலிருந்து பிறந்தவை.

முதலெழுத்தின் ஐயம் தீர்ந்தபின்னர் வேறோர் ஐயம் முளைக்கின்றது. அது பொருள் பற்றியது. யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளிலே எண்சுவடி மனனம் செய்த தலைமுறைக்கு வீசம் என்றாற் பதினாறில் ஒன்று. கீழ்வாயிலக்கத்திலே மாவும் காணியும் சேர்ந்த மாகாணிக்கு அது மறுபெயர். இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் கூடினாற் பதினாறில் ஒன்று வரும். பொன்னளவையில் ஒரு நெல்லெடையும் வீசம் எனப்பட்டது. அக்காலத்திற் கணக்குத் தெரிந்த ஒரு யாழ்ப்பாணத்தவர் வீசகணிதம் என்னும் நூற்பெயரைக் கண்டதும், இது பின்னக்கணக்கு நூல் என்று எண்ணியிருந்தால் அவரிற் குறைகாண இயலாது. வித்து என்னும் பொருள் கற்றோருக்கு உரியது. பதினாறில் ஒன்று என்னும் பொருள் சந்தைக்கு உரியது.

இவ்விரண்டையும் எழுத்திலே வேறுபடுத்துவது ஒரேயொரு மெய். தமிழ்ப் புணர்ச்சியில் மகர ஈற்றுச் சொல்லின் பின் வல்லெழுத்து வருமாயின் மகரம் கெட்டு வல்லெழுத்து மிகுதல் இயல்பு. மரமும் கிளையும் மரக்கிளை ஆவது போல, பின்ன அளவாகிய வீசமும் கணிதமும் சேர்ந்தால் வீசக்கணிதம் என்று வரவேண்டும். வடமொழித் தொகையாகவே சொல் முழுமையும் எடுக்கப்படும்போது ககரம் மிகாது. அப்போது வீசகணிதம். இடையில் ஒரு ககர ஒற்று இருந்தால் அது சந்தைக் கணக்கு, இல்லையேற் பாஸ்கரர் கணக்கு! ஒற்றுப்பிழை விடுவது சிறு குற்றம் என எண்ணும் மாணவருக்கு இதனிலும் நல்ல எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது. இதே நுட்பம் இன்றைய பாடநூல்களிலும் இருக்கின்றது. அட்சரகணிதக் கோவை என்னும் தொடரில், அட்சரத்துக்கும் கணிதத்துக்கும் இடையே ககரம் மிகவில்லை. கணிதத்துக்கும் கோவைக்கும் இடையே மிகுந்துள்ளது. முன்னது வடமொழித் தொகை, பின்னது தமிழ்ப் புணர்ச்சி. அட்சர கணிதம் எனப் பிரித்து எழுதுவோரும், அட்சரக்கணிதம் என ஒற்றிட்டு எழுதுவோரும் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

வித்து என்னும் பொருள் இத்துறைக்கு எவ்வாறு பொருந்துகின்றது என்பதே மையமான வினா. பாஸ்கரருக்கு முன்னர் இத்துறைக்கு வேறு பெயர்களும் இருந்தன. பிரமகுப்தர் 628இல் இயற்றிய நூலின் பதினெட்டாம் அத்தியாயம் குட்டகம் எனப்படும். இடித்துப் பொடியாக்குதல் என்பது அதன் பொருள். பெரிய எண்களைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சென்று விடைகாணும் ஒரு முறையின் பெயர், துறை முழுவதற்கும் ஆகிவந்தது. இன்னொரு பெயர் அவ்வியக்த கணிதம். வெளிப்படையான எண்களைக் கொண்டு செய்வது வியக்த கணிதம். வெளிப்படாத எண்ணைத் தேடுவது அவ்வியக்த கணிதம். இந்த எதிர்நிலையில் வைத்துப் பார்க்கும்போதுதான் வித்து என்னும் பெயரின் அழகு புலனாகும். வித்தினுள் மரம் வெளிப்படாமல் இருக்கின்றது. வெளிப்படாத எண்ணும் கணக்கின் கூற்றினுள் அவ்வாறே அடங்கிக் கிடக்கின்றது. அதனை வெளிக்கொணர்தலே இத்துறையின் தொழில். வெளிப்படையான கணக்குக்கெல்லாம் இதுவே மூலம் என்னும் பொருளும் அப்பெயரில் உண்டு.

இக்கருத்து யாழ்ப்பாணத்து மரபுக்குப் புதியதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலே, பலாப்பழத்தைப் பிளவாமலே அதன் சுளைகளை எண்ணும் விதி ஒன்று உண்டு. காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, அத்தொகையை ஆறாற் பெருக்கி ஐந்தாற் பிரிக்குமாறு அது கூறும். விதி ஒவ்வொரு பழத்துக்கும் பொருந்துமா என்பதைப் பழம் அரிபவர்களிடம் விட்டுவிடலாம். வெளியே காணும் முள்ளிலிருந்து உள்ளே காணாத சுளைக்குச் செல்லும் பாதைதான் ஈண்டு நோக்கத்தக்கது. அவ்வியக்தம் என்னும் வடசொல்லை அறியாத ஒருவரும் அக்கருத்தை அறிந்திருக்கமுடியும்.

மேனாட்டுப் பெயராகிய அல்ஜிப்றாவும் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அது அரபுச் சொல். ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பாக்தாத்தில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூற்பெயரில் அல்ஜப்ர், அல்முகாபலா என இரு தொழில்கள் குறிக்கப்படுகின்றன. ஜப்ர் என்பது குறைந்ததை நிறைவாக்குதல், முறிந்ததைப் பொருத்துதல். முகாபலா என்பது இருபுறத்தையும் எதிரெதிர் நிறுத்தி ஒத்தவற்றை நீக்குதல். அவர் காட்டும் கணக்கொன்று வருமாறு அமையும். ஒரு பொருளின் வர்க்கம், நாற்பது பொருளிலிருந்து நான்கு வர்க்கத்தைக் குறைத்ததற்குச் சமன். குறைபட்டு நிற்கும் பக்கத்துக்கு நான்கு வர்க்கத்தையும் மீளக் கொடுத்து, மறுபக்கத்துக்கும் அவ்வாறே கொடுத்தால், ஐந்து வர்க்கம் நாற்பது பொருளுக்குச் சமனாகும். பொருள் எட்டு. இந்த மீளக் கொடுத்தலே ஜப்ர். ஸ்பானியாவிலே அரபு ஆட்சியின் பின்னரும் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுபவன் அல்ஜெப்றிஸ்தா எனப்பட்டான். செர்வாந்தேசின் டொன் குவிக்சோற் நாவலின் 1615ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் பாகத்தில் அத்தகைய ஒருவன் வருகின்றான். யாழ்ப்பாண வழக்கிற் கூறினால் அவன் முறிவு நெரிவு வைத்தியன். இந்தியர் ஒரு பெயரில் இடித்துப் பொடியாக்கியதை அரபியர் மற்றொரு பெயரிற் பொருத்திக் கட்டினர் என நகைச்சுவையாகக் கூறலாம். துறை ஒன்றே.

அல் குவாரிஸ்மியின் நூலிலே கவனிக்கவேண்டிய வேறொன்று உண்டு. அதில் எக்ஸ் இல்லை, வை இல்லை. எழுத்துக் குறியீடு எதுவுமே இல்லை. வர்க்கம், பொருள், எண் என எல்லாம் சொற்களாலேயே கூறப்படுகின்றன. ஐரோப்பாவில் எழுத்துக்களை முறையாகப் பயன்படுத்தியவர் பிரான்சியராகிய வியெற். அவருடைய நூல் 1591இல் வெளிவந்தது. தெரியாதவற்றுக்கு உயிரெழுத்துக்களையும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்துக்களையும் அவர் கொண்டார். உயிர், மெய் என்னும் பாகுபாட்டில் ஊறிய தமிழ் மாணவருக்கு இது உவப்பளிக்கும் செய்தி. டேக்காட் 1637இல் இதனை மாற்றி, அகரவரிசையின் இறுதி எழுத்துக்களைத் தெரியாதவற்றுக்கும் முதலெழுத்துக்களைத் தெரிந்தவற்றுக்கும் உரியனவாக்கினார். இன்றைய வகுப்பறையில் எக்ஸ் அரசு செலுத்துவது அதன் பின்னரே. அல் குவாரிஸ்மிக்கும் வியெற்றுக்கும் இடையே ஏறக்குறைய ஏழரை நூற்றாண்டு. அந்நெடுங்காலம் முழுவதும் ஐரோப்பாவில் இத்துறை பெரும்பாலும் எழுத்துக் குறியீடு இன்றியே இயங்கியது.

இவ்வுண்மையின் முன்னே அட்சரகணிதம் என்னும் பெயரை நிறுத்திப் பார்க்கவேண்டும். அட்சரம் எழுத்து. எழுத்துக்களைக் கொண்டு செய்யும் கணிதம் அட்சரகணிதம். பெயர் எளிது. எண்கணிதம், அட்சரகணிதம் என்னும் இணை, எண்ணும் எழுத்தும் என்று தமிழர் வழிவழியாகச் சொல்லிவரும் இணையை ஒத்திருப்பதும் உண்மை. இப்பெயரைத் தாங்கி நிற்க இந்திய மரபிலேயே ஒரு சான்றும் உண்டு. பாஸ்கரர் முதலானோர் தெரியாத எண்களுக்கு யாவத்தாவத், காலக, நீலக, பீதக, லோகித என்னும் பெயர்களைக் கொண்டு, அவற்றின் முதலெழுத்துக்களாகிய யா, கா, நீ, பீ, லோ என்பவற்றால் அவற்றைக் குறித்தனர். முதலாவது 'எவ்வளவோ அவ்வளவு' எனப் பொருள்படும். ஏனையவை கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்னும் நிறங்கள். வடமொழியில் வர்ணம் என்னும் சொல் நிறத்தையும் குறிக்கும், எழுத்தையும் குறிக்கும். எனவே எழுத்தாற் கணித்தல் மேனாட்டிலிருந்து மாத்திரம் வந்ததென்று கூறவியலாது. சைவ மரபிற் பழகியோர் பீஜாட்சரம் என்னும் மந்திரச் சொல்லையும் இங்கு நினைவுகூரலாம். யாழ்ப்பாணத்தின் இரு கணிதப் பெயர்களும் அந்த ஒரு சொல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன. இது சுவையான ஒற்றுமை, சொற்பிறப்பு அன்று.

ஆனால் எழுத்துக்களைத் தாமே கையாண்ட பாஸ்கரர், எழுத்தின் பெயரைத் துறைக்கு இடவில்லை. அதுவுமன்றி, சித்தாந்த சிரோமணியின் கோளாத்தியாயப் பகுதியிலே, குறியெழுத்துக்களே பீஜம் ஆகமாட்டா, மதி ஒன்றே பீஜம் என்னும் கருத்தை அவர் வெளிப்படையாகக் கூறியுள்ளார். அட்சரகணிதம் என்னும் பெயரைப் பற்றி இதனிலும் கூர்மையான விமரிசனத்தை எவரும் எழுதிவிட முடியாது. அப்பெயர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அது எழுதப்பட்டுவிட்டது.

பெயரின் குறை நூலறிவு சார்ந்தது மாத்திரமன்று, வகுப்பறையில் விளைவு தருவது. எழுத்துக் கணக்கு எனப் பெயர் கேட்டுப் பாடத்தினுள் நுழையும் மாணவன், எழுத்துக்களைக் கூட்டுவதும் பெருக்குவதுமே இதன் தொழில் என எண்ணுகின்றான். மூன்று அப்பிளும் இரண்டு வாழைப்பழமும் போல மூன்று ஏயும் இரண்டு பீயும் எனக் கற்பிக்கும் வழக்கம் இவ்வெண்ணத்தை உறுதிப்படுத்துகின்றது. ஏ என்பது அப்பிளன்று, அப்பிள்களின் எண்ணிக்கையோ விலையோ ஆகிய ஓர் எண் என்பதை அவன் அறிவதற்குச் சில ஆண்டுகள் கழிகின்றன. சிலர் அறியாமலே பாடசாலையை விட்டுச் செல்கின்றனர். கருவியின் பெயரைத் தொழிலின் பெயராக்கியதன் விலை இது. தச்சுத்தொழிலுக்கு உளித்தொழில் என்று பெயரிட்டால் உளி தெரியும், கதவு தெரியாது.

அட்சரகணிதம் என்னும் பெயரைத் தாக்குவோர் பெரும்பாலும் இவ்வழியில் தாக்குவதில்லை. அது வடசொல் என்பதே அவர்தம் குறை. இக்குறை பாதியே உண்மை. வடசொல்லைத் தமிழிற் கொள்வதற்கும் தமிழில் நெறி உண்டு. அந்நெறிப்படி நோக்கின் அட்சரம் என்னும் எழுத்துவடிவே இடர்ப்படுகின்றது. க்ஷ என்னும் கூட்டெழுத்து இடையில் இரட்டைக் ககரமாகத் திரியும் என்பது நன்னூல் விதி. லக்ஷணம் இலக்கணம் ஆயிற்று, பக்ஷம் பக்கம் ஆயிற்று. அவ்வாறே அக்ஷரம் அக்கரம் ஆதல் வேண்டும். அட்சரம், பட்சி, இலட்சம் என்பன பிற்காலப் பேச்சொலியை ஒட்டியவை. ஆகவே நன்னூலைத் துணைக்கழைத்தால் வீசகணிதம் தேறும், அட்சரகணிதம் தேறாது. அட்ஷரகணிதம் என எழுதி இரு தோணியிலும் கால்வைப்போர் எந்த நூலாலும் தேறமாட்டார்கள். அக்ஷம் வேறு, அக்ஷரம் வேறு என்பதும் இவ்வெழுத்துவடிவில் மங்கிவிடுகின்றது. அகலக்கோட்டைக் குறிக்க வழங்கிய அட்சரேகை என்பது அட்சமும் ரேகையும் சேர்ந்தது. அதனுள் அட்சரம் இல்லை. பூமிசாத்திரமும் கணிதமும் ஒருங்கே படித்த மாணவருள் எத்தனை பேர் இரண்டையும் உறவினராகக் கருதினரோ!

இனித் தூய தமிழ்ப் பெயராகிய இயற்கணிதத்தை நோக்கலாம். இயலும் கணிதமும் புணர்ந்தது அது. புணர்ச்சியிற் குற்றமில்லை, ஓசையும் இனியது. பொருள் யாது? இயல் என்பது இயல்பு, இயற்கை, நூற்பகுதி, இயற்றமிழ் எனப் பல பொருள் தரும். இவற்றுள் எதனையும் தெரியாத எண்ணைத் தேடும் தொழிலோடு இணைத்தல் எளிதன்று. தமிழகப் பாடநூல்கள் ஒன்று, இரண்டு, மூன்று எனத் தொடரும் எண்களை இயல் எண்கள் என்கின்றன. அம்முறையில் இயற்கணிதம் என்பது இயல் எண்களின் கணிதமாகவே பொருள்படும். அதாவது எண்கணிதமாகிவிடும். எதிலிருந்து வேறுபடுத்தப் பெயர் இடப்பட்டதோ அதனையே பெயர் சுட்டுகின்றது. தூய்மை என்னும் அளவுகோல் ஒன்றையே கொண்டு கலைச்சொல்லை அளப்பதன் பயன் இத்தகையது. வடசொல் நீங்கியது, பொருளும் உடன் நீங்கிற்று.

யாழ்ப்பாணத்தவர் வீசகணிதத்தை எவ்வாறு இழந்தனர்? நூல் வெளிவந்த அதே 1855ஆம் ஆண்டிலேதான் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த அண்டர்சன் தூதுக்குழு, ஆங்கில உயர்கல்வி சமயப்பணிக்கு உதவவில்லை எனக் கருதிச் சுதேசமொழிக் கல்வியை வற்புறுத்தியது. ஆனால் அவர்கள் வேண்டிய தமிழ்க்கல்வி வேதாகமக் கல்வியே, உயர்கணிதம் அன்று. ஊரவர் வேண்டியதோ உத்தியோகம் தரும் ஆங்கிலம். இரு சாராருக்கும் தமிழில் எழுதிய வீசகணிதம் தேவைப்படவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியபோதும், 1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தபோதும், உயர்வகுப்புகளில் இத்துறையின் பெயர் அல்ஜிப்றாவே. பாடநூல் என்பது படிக்கப்படும்வரையே வாழ்வது. படிப்பார் இன்றேல் அதன் சொற்களும் உடன் மடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாண அச்சுநூல்கள் பல இன்று அரியனவாகிவிட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது அவ்வருமை மேலும் பெருகியது.

தாய்மொழிக் கல்வி 1945இல் ஆரம்ப வகுப்புகளில் தொடங்கி, 1950களிலும் 1960களிலும் உயர்வகுப்புகளை எட்டியபோது கலைச்சொல் மீண்டும் தேவைப்பட்டது. அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வெளிவந்த காலம் அது. அக்காலத்து ஆக்கங்களின் துணிவு போற்றத்தக்கது. துணிகோவை, சிக்கலெண், தொடை, தாயம் என்பன இன்றும் இலங்கை மாணவர் நாவில் உள்ளன. ஆங்கிலச் சொல்லின் மூலமாகிய இலத்தீனத் 'தாய்' என்னும் பொருளைத் தொட்டே தாயம் ஆக்கப்பட்டது போலத் தோன்றுகின்றது. இத்தனை துணிவு காட்டிய தலைமுறை, துறையின் பெயரில் மாத்திரம் கருவியின் பெயரோடு அமைந்துவிட்டது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், சிங்களம் வீஜத்தைக் கைக்கொண்டது. தமிழ் அட்சரத்தைக் கைக்கொண்டது.

இன்று வீசகணிதத்தை மீட்டு வழக்கிற் கொணரவேண்டும் என வாதிடுதல் பொருந்தாது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூலிலும் பரீட்சைத் தாளிலும் வேரூன்றிய பெயரை ஒரு கட்டுரையாற் பெயர்க்கமுடியாது, பெயர்க்கவும் வேண்டியதில்லை. நீரிணையின் இருபுறத்துக்கும் ஒரே பெயர் வேண்டும் என்னும் கோரிக்கையும் அவ்வப்போது எழுகின்றது. அதன் பொருட்டு அட்சரகணிதத்தை விடுத்து இயற்கணிதத்தைக் கொள்வது, குறைந்த பொருளை விடுத்து இல்லாத பொருளைக் கொள்வதாகும். வேண்டப்படுவது ஒன்றே. பாடம் தொடங்கும் நாளில் எழுத்துக்களைக் கரும்பலகையில் எழுதுமுன்னர், தேடப்படும் எண்ணைப் பற்றி ஆசிரியர் பேசவேண்டும்.

அதற்கான சொல்லும் அதே பாடநூல்களில் ஏலவே இருக்கின்றது. சமன்பாட்டில் எக்ஸ் எதனைக் குறிக்கின்றதோ அதனை இலங்கைத் தமிழ் நூல்கள் தெரியாக் கணியம் என்கின்றன. அவ்வியக்தம் என்பதற்கு நேரான தமிழ் இது. வடமொழியை நாடாமலும், வடமொழியாளர் கண்ட பொருளை விடாமலும் அமைந்த தொடர். பெயரெச்சம் ஈறுகெட்டு, வல்லெழுத்து மிக்கு, தமிழிலக்கணத்தில் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் நிற்கின்றது. அதனை ஆக்கியோர் விசுவநாதபிள்ளையின் நூலைக் கண்டிருந்தாலும் காணாதிருந்தாலும், அவர் அட்டையில் இட்ட பெயரின் பொருள் இந்த இரு சொற்களிலே மீண்டும் அச்சேறியிருக்கின்றது. பாடத்தின் தலைப்பில் அன்று, நான்காம் ஐந்தாம் பக்கத்தில், மாணவர் பெரும்பாலும் விரைந்து கடந்துசெல்லும் ஒரு வரியிலே.